மாத்திரை போட்டு கலைச்சாச்சு, முடிவும் என்னுதுதான், ஆனா அழுகை நிக்க மாட்டேங்குது

திருப்பூர்க்காரி | 9 ஜூன் 2024, இரவு 10.15

எனக்கு 27 வயசு, ஒரு பையன் இருக்கான், இன்னும் ரெண்டு வயசு ஆகல. போன மாசம் ஆறு வாரத்துல டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை போட்டு கலைச்சுட்டேன். யாரும் கட்டாயப்படுத்தல. நான் பனியன் கம்பெனில செக்கிங், அவருக்கும் ஷிப்ட் வேலை, இன்னொண்ணு இப்ப தாங்காதுன்னு நல்லா யோசிச்சுத்தான் பண்ணேன். திரும்ப ஸ்கேன் எடுத்து கிளியர்னு சொல்லிட்டாங்க. மனசு மட்டும் தேறல. பீஸை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஓட்டை பாத்துட்டு இருக்கப்பவே கண்ணு நெறஞ்சு வழியுது, சூப்பர்வைசர் கேட்டா பஞ்சு விழுந்துருச்சுன்னு சொல்றேன். கைக்குழந்தை சைஸ் வந்தா தொடவே முடியல. நானே முடிவு பண்ணிட்டு நானே அழுதா என்ன அர்த்தம்? பாவம் பண்ணிட்டனா? இதத் தாண்டி வந்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

சென்னிமலை அக்கா | 9 ஜூன் 2024, இரவு 11.50

கண்ணு, நான் தாண்டி வந்தவ. பாவம் புண்ணியம் அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல இதக் கேளு. நீ அழுகறதுக்கு முடிவு தப்புங்கற அர்த்தம் கெடையாது. இது எனக்குப் புரியறதுக்கு நெம்ப நாளாச்சு, உனக்கு அத்தன நாள் ஆக வேண்டாம்னுதான் இந்த நேரத்துல உக்காந்து டைப் பண்றேன்.

எங்களுது தறி ஓட்டற வீடு. என்ற பொண்ணு அப்ப பால் மறக்கல, மாமனார் ஒரு பக்கம் கைகால் வராம கட்டில்ல கெடந்தாரு, நூல் வெலை ஏறி வாங்குன கடன் அப்படியே நிக்குது, அந்த நேரத்துல நாள் தள்ளிப் போச்சு. நானும் என்ற வீட்டுக்காரரும் ராத்திரி மொட்டை மாடில உக்காந்து பேசி முடிவு பண்ணோம். மொத மாத்திரைய டாக்டர் முன்னாடியே முழுங்குனேன், அடுத்த மருந்த வீட்ல வச்சுக்கச் சொல்லிக் குடுத்து உட்டாங்க. அந்த மருந்து வேலை செய்ய ஆரம்பிச்ச நேரம் பாத்து ஒரம்பரை வந்துட்டாங்க. மாமியாகிட்ட 'இந்த மாசம் அதிகமா போகுதுங்கத்தை'ன்னு மட்டும் சொல்லிட்டு, வவுத்த ஒரு கையில அமுத்திட்டு அடுப்படில நின்னு வந்தவங்களுக்குக் காபி ஆத்துனேன். சக்கரை போட்டனான்னு ஞாபகம் இல்லாம மறுக்கா போட்டு, அந்தக் காபிய எல்லாரும் தித்திப்புன்னு சொல்லிச் சொல்லிக் குடிச்சாங்க.

அதுக்கப்புறம் ஒரு ரெண்டு மூணு நாளு நான் நல்லாத்தான் இருந்தேன், அதச் சொல்லோணும். பாரம் எறங்குன மாதிரி, வெகு நாளா வராத தூக்கம் வந்துச்சு. டிவி பாத்து சிரிச்சேன். சிரிச்சப்பவே பொக்குனு ஆயிருச்சு, 'ஏன்டி உனக்கு சிரிப்பு வருது'ன்னு உள்ளுக்குள்ள ஒரு கொரல். அங்கதான் ஆரம்பிச்சுது. நெனச்சுப் பாத்தா எனக்கு கலைச்சதுக்கு வந்த வெசனத்த விட, கலைச்சப்புறம் நிம்மதியா இருந்ததுக்கு வந்த வெசனம்தான் பெருசு. நிம்மதியா இருந்தா கல்நெஞ்சக்காரி, அழுதா தப்புப் பண்ணவ, ரெண்டு பக்கமும் நானே எனக்கு வழக்காடி நானே தீர்ப்பு சொல்லீட்டு இருந்தேன்.

அழுகறதுக்கு எடம் வேணுமில்ல. தறி ஓடற நேரம்தான் எனக்கு எடம். தறிச்சத்தத்துல பக்கத்துல நின்னு கத்துனாலும் கேக்காது, தார் சுத்தற மாதிரி குனிஞ்சு உக்காந்துட்டு அழுவேன். கரண்ட் போச்சுன்னா எல்லாத் தறியும் ஒரே மூச்சுல நின்னுரும், அப்ப நானும் சேலைய வாயில வச்சு அமுத்திக்குவேன்.

உடம்புப் பக்கமும் ஒரு காரணம் இருக்குது. மொத மாத்திரை, மிபிப்ரிஸ்டோன், புரோஜெஸ்ட்ரான்ங்கற ஹார்மோன வேலை செய்ய உடாது, கர்ப்பம் நிக்கறதே அந்த ஹார்மோனாலதான். ரெண்டாவது மிசோபிரோஸ்டால், கர்ப்பப்பைய சுருக்கி வெளிய தள்ளும். கர்ப்பத்துக்குன்னு மளமளன்னு ஏறுன ஹார்மோன் திடீர்னு எறங்குது, ரத்தம் போயிருக்குது, தூக்கம் கெட்டுருக்குது, இத்தனையும் சேந்தா மனசு தாங்குமா. மாரு வலி கூட கொஞ்ச நாள் இருக்கும். வீட்ல கார்டு டெஸ்ட் பண்ணுனா நாலு வாரம் வரைக்கும் கூட ரெண்டு கோடு காட்டலாம், அதப் பாத்து பயந்துக்காத, டாக்டர் கிளியர்னு சொன்னதுதான் கணக்கு.

சென்னிமலை அக்கா | 10 ஜூன் 2024, காலை 6.05

இந்தப் பக்கத்த இப்பத்தான் மாத்திரை போட்டுட்டு படுத்துட்டு இருக்கறவங்களும் படிப்பீங்க, அதனால இத தனியா போடறேன். ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு பெரிய பேடு முழுசா நனைஞ்சு, அது ரெண்டு மணி நேரம் விடாம போச்சுன்னா உடனே ஆஸ்பத்திரி. ரெண்டாவது மருந்து போட்டு ஒரு நாள் தாண்டியும் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல, அதாவது பாரன்ஹீட்ல 100.4க்கு மேல, காய்ச்சல் அடிச்சா, கெட்ட வாடையோட போனா, மாத்திரைக்கும் அடங்காத வலின்னா, மயக்கம் வந்தா, அதுவும் அப்படித்தான். வீட்ல தெரிஞ்சுருமேன்னு பொறுத்துக்க வேண்டாம். 108 கூப்புடுங்க. வெசனத்துக்கு நாள் இருக்குது, ரத்தப்போக்குக்கு நாள் கெடையாது.

சென்னிமலை அக்கா | 11 ஜூன் 2024, மதியம் 2.30

மேல ஒருத்தர் 'அழுகுறீங்கன்னாலே மனசாட்சி உறுத்துதுன்னுதான அர்த்தம்'னு எழுதியிருக்கார். அண்ணா, நீங்க கெட்ட எண்ணத்துல எழுதலன்னு எடுத்துக்கறேன். பிடிச்ச மாப்பிள்ளையக் கட்டிட்டுப் போற புள்ளையும் அப்பன் வீட்டு வாசப்படி தாண்டறப்ப தேம்பித் தேம்பி அழுகுது. கல்யாணம் வேண்டாம்னா அழுகுது? உட்டுட்டுப் போறது ஒண்ணு இருக்குது, அதுக்கு அழுகுது.

அனுமானமா சொல்ல வேண்டாம்னு ஒரு ஆராய்ச்சியும் சொல்றேன். அமெரிக்காவுல கலிபோர்னியா பல்கலைக்கழகம், சான் பிரான்சிஸ்கோல இருக்கறவங்க, 'டர்ன்அவே' ஆய்வுன்னு பேரு, ஆயிரத்துக்குக் கிட்ட பொம்பளைங்கள, கலைக்கணும்னு போனவங்களையும் வாரம் தாண்டிருச்சுன்னு திருப்பி அனுப்பப்பட்டவங்களையும், 5 வருசம் விடாம கேட்டுட்டே வந்தாங்க. கலைச்சவங்க பத்தின ஒரு கட்டுரை 2020ல வந்துச்சு. அந்த 5 வருசத்துல எப்பக் கேட்டாலும் 95 சதவீதத்துக்கு மேல 'எனக்கு இது சரியான முடிவுதான்'னு சொல்லியிருக்காங்க. அதே பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல முடிவெடுக்கறது கஷ்டமா இருந்துச்சுன்னும் சொல்லியிருக்காங்க. வருத்தம், குத்த உணர்ச்சி எல்லாம் மொத ரெண்டு வருசத்துல நல்லா கொறஞ்சுருக்குது. ஊர் என்ன பேசும்ங்கற பயம் யாருக்கு அதிகமோ அவங்களுக்குத்தான் வருத்தமும் அதிகமா இருந்துருக்குது.

அது அந்த நாட்டுப் பொம்பளைங்க. நம்ம ஊருக்கு அப்படியே ஒட்டும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஊர்ப்பேச்சுக்குப் பயந்து உள்ளயே பூட்டி வைக்கறதுல நாம அவங்களுக்கு எளைச்சவங்களா? ஒரு வீட்ல தும்முனா நாலு வீட்ல கேக்கற ஊர் நம்மளுது.

சென்னிமலை அக்கா | 14 ஜூன் 2024, இரவு 12.20

பல்லடத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டுருக்கறதுக்கு இது. 'பாத்ரூம்ல பாத்தத மறக்க முடியலக்கா, கண்ண மூடுனா அதுதான் வருது, அதப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க.'

பேசோணும். ஆஸ்பத்திரில மயக்கம் குடுத்து பண்றதுக்கும் மாத்திரைக்கும் இதுதான் பெரிய வித்தியாசம். மாத்திரைல நாமளே முழிச்சிருந்து, வீட்டுக்குள்ளயே, அனேகமா ஒண்டியா, எல்லாத்தையும் பாக்கறோம். தண்ணி ஊத்தறதும் நாமதான். எங்க வீட்டுக் குளியலறை பொடக்காளில, கட்டுத்தரைக்குப் பக்கம். பக்கெட் தண்ணிய கையில வச்சுட்டு ஊத்தாம நின்னேன், எத்தன நேரம்னு தெரியாது, மாமியா வந்து கதவத் தட்டி 'எருமைக்குத் தண்ணி காட்டோணும், பக்கெட்டக் குடு சாமி'ன்னு கேட்டப்புறம்தான் ஊத்துனேன். அதுக்கப்புறம் நெம்ப நாளைக்கு அந்த பக்கெட்ட எடுத்தாலே கை விட்டுப்போகும். கடைசில அந்த பக்கெட்ட மாத்திட்டேன். சின்ன விசயம்தான், ஆனா புது பக்கெட் வாங்குனதுல எனக்கு நெஜமாவே கொஞ்சம் லேசாச்சு. அந்தப் பொருள மாத்த முடிஞ்சா மாத்திரு தங்கச்சி, காரணம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல.

இன்னொண்ணு, ஏழு வாரத்துல கருவோட அளவு ஒரு சென்டிமீட்டர் சுமாருதான். பெரிய கட்டி கட்டியா போறது அனேகமா ரத்தக்கட்டியும் கர்ப்பப்பை உள்சவ்வும். 'கையும் காலும் பாத்தேன்'னு ராத்திரில மனசு கதை கட்டும், எனக்கும் கட்டுச்சு. எதிர் பக்கமும் சொல்லிடறேன், ஒம்பது வாரத்துக்குக் கிட்ட போனவங்களுக்கு எதாச்சும் தெரிஞ்சிருக்கலாம், அப்படிப் பாத்தவங்க பொய் சொல்லல. மாத்திரை குடுக்கறப்பவே இதெல்லாம் வரும், இப்படி இருக்கும்னு சொல்லி அனுப்புனா பாதிப் பயம் போயிரும். எங்கிட்ட யாரும் சொல்லல. வலி மாத்திரை எப்பப் போடறதுன்னு சொன்னாங்க, அது எப்படி இருக்கும்னு சொல்லல.

ஸ்கேன் எடுக்கப் போன எடத்துலயும் அப்படித்தான். நான் கேக்காமயே திரைய என்ற பக்கம் திருப்பி 'துடிப்பப் பாருங்க'ன்னாங்க. எதுக்கு வந்துருக்கேன்னு சீட்டுலயே எழுதியிருந்துச்சு. பாக்கறயா வேண்டாமான்னு ஒரு வார்த்தை கேக்கலாமில்ல. பாக்க விரும்பறவங்க பாக்கட்டும், அது அவங்க இஷ்டம். எங்கிட்டக் கேக்கல, அந்தக் கோவம் இன்னும் எனக்குள்ள இருக்குது, அது போகணும்னும் நான் நெனைக்கல.

சென்னிமலை அக்கா | 14 ஜூன் 2024, இரவு 12.45

தூக்கம் வரல, இதையும் எழுதிடறேன். உலகத்துலயே நாம ஒருத்திதான் இப்படின்னு தோணுமில்ல? லான்செட் குளோபல் ஹெல்த் பத்திரிகைல 2018ல ஒரு கணக்கு வந்துச்சு, 2015ல மட்டும் நம்ம நாட்டுல சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்பு நடந்துருக்கும்னு. அதுல 73 சதவீதம் ஆஸ்பத்திரிக்கு வெளிய மாத்திரை போட்டது. அத்தன பேரு பாத்ரூம் கதவச் சாத்திட்டு நின்னுருக்காங்க, வெளிய வந்து சோறாக்கியிருக்காங்க. பஸ்ஸுல நம்ம பக்கத்து சீட்டுல உக்காந்துருக்கறவளும் அதுல ஒருத்தியா இருக்கலாம். இத நெனச்சப்ப எனக்கு அழுகை கூடத்தான் செஞ்சுது, ஆனா அது வேற மாதிரி அழுகை.

சென்னிமலை அக்கா | 20 ஜூன் 2024, மாலை 5.10

திருப்பூர்க்காரி, 'அவர் அதப் பத்தி வாயே தெறக்க மாட்டேங்கறார், அவருக்கு ஒண்ணுமே இல்லையாட்ட இருக்குது'ன்னு எழுதியிருக்கே. என்ற வீட்டுக்காரரும் அப்படித்தான். ஆஸ்பத்திரில இருந்து வந்ததும் நேரா தறிக்குள்ள போய் அறுந்த இழை கட்ட நின்னுட்டார். எனக்கு வந்த கோவத்துக்கு அந்த வாரம் பூராவும் ஓரியாட்டம்தான், உப்பு இல்லைங்கறதுல ஆரம்பிச்சு என்ற அப்பன் வீட்டு வரைக்கும் போகும், நெசமான விசயத்த மட்டும் ரெண்டு பேரும் தொட மாட்டோம்.

ஒரு நாள் பெருந்துறைக்கு வண்டில போயிட்டு இருக்கப்ப, மூஞ்சி பாக்க வேண்டியதில்லைங்கற தைரியத்துல, முதுகுக்குப் பின்னால இருந்தே கேட்டேன், 'ஏனுங், உங்களுக்கு அது நெனப்பே வர்றதில்லையா?' வண்டிய ஓரமா நிறுத்திட்டார். சித்த நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், 'நான் பேசுனா நீ அழுவேன்னு பேசலம்மணி. நானும் அழுதுட்டா வீட்ட யார் பாக்கறது'ன்னார். அவ்வளவுதான் சொன்னார், அதுக்கு மேல அந்த மனுசனுக்குப் பேச வராது. ஆனா எனக்கு அது போதுமா இருந்துச்சு. நேருக்கு நேரா உக்கார வச்சு 'உங்க மனசுல என்ன'ன்னு கேட்டா நம்மூர் ஆம்பளைங்க எந்திரிச்சு வெளிய போயிருவாங்க. வண்டில போறப்ப, காட்டுல தண்ணி கட்டறப்ப, இருட்டுல படுத்துட்டு இருக்கப்பக் கேளு.

அதுக்காக எல்லாப் புருசனும் உள்ளுக்குள்ள அழுகறான்னு நான் சொல்லல. கட்டாயப்படுத்தி மாத்திரை போட வச்சவனும் இருக்கான். அப்படி ஆனவங்க வெசனம் வேற, அது வன்முறைல வந்தது, அதுக்கு என்ற கதை மருந்தாகாது. 181னு பெண்கள் உதவி எண் இருக்குது, அதுல பேசுங்க.

சென்னிமலை அக்கா | 3 ஜூலை 2024, இரவு 9.40

ஹாஸ்டல்ல இருந்து எழுதுன பொண்ணுக்கு. பேர் சொல்லாம எழுதுனது நல்லது, அப்படியே இரு. 'கல்யாணம் ஆகல, டாக்டர் கேட்ட கேள்வில செத்துரலாம்னு இருந்துச்சு'ன்னு எழுதியிருக்கே. அந்த வார்த்தை பேச்சுக்கு வந்ததா, நெசமாவே அந்த எண்ணம் வருதா? வருதுன்னா மத்தத படிக்க வேண்டாம், இப்பவே 14416க்குப் போன் போடு. டெலி மானஸ்னு அரசாங்க மனநல சேவை, 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, காசு கெடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம்.

சட்டத்தையும் தெரிஞ்சுக்கோ, ஏன்னா உன்ற பயத்துல பாதி 'நான் குத்தவாளி'ங்கற பயம். 1971ல வந்த கருக்கலைப்புச் சட்டத்த 2021ல திருத்துனப்ப, கருத்தடை தவறிப்போன விசயத்துல 'கல்யாணமான பெண், அவள் கணவன்'னு இருந்தத 'எந்தப் பெண்ணும், அவள் துணையும்'னு மாத்திட்டாங்க. 29 செப்டம்பர் 2022ல சுப்ரீம் கோர்ட்டும் கல்யாணம் ஆனவ ஆகாதவன்னு பிரிக்கக் கூடாதுன்னு தீர்ப்பு குடுத்துருச்சு. 18 வயசு ஆயிருச்சுன்னா உன்ற சம்மதம் ஒண்ணு போதும், அப்பா கையெழுத்தோ புருசன் கையெழுத்தோ சட்டம் கேக்கல. உன்ற பேரையும் விவரத்தையும் ஆஸ்பத்திரிக்காரங்க வெளிய சொன்னா ஒரு வருசம் வரைக்கும் ஜெயில் போடலாம். கண்டபடி கேள்வி கேட்டது அவங்க தப்பு. உன்னுதில்ல கண்ணு.

சென்னிமலை அக்கா | 6 ஜூலை 2024, காலை 7.15

அந்தப் பொண்ணு 'பேச்சுக்கு வந்ததுதாங்க்கா, ஆனாலும் போன் பண்ணேன், அரை மணி நேரம் பேசுனாங்க'ன்னு எழுதிட்டா. ராத்திரி பூராவும் அந்த நெனப்பாவே இருந்தேன். நல்லா இரு சாமி.

சென்னிமலை அக்கா | 18 ஜூலை 2024, இரவு 10.30

நடுவுல நான் 'ஒருத்தர்கிட்டயாவது சொல்லிரு'ன்னு பல பேருக்குப் பதில் போட்டுருந்தேன். அதுல ஒருத்தி சொந்த அக்காகிட்ட சொல்லி, அந்தக்கா அம்மாகிட்ட சொல்லி, இப்ப வீடே ரணகளம். அதனால இதக் கொஞ்சம் பிரிச்சு சொல்லோணும். நெருங்குன சொந்தம்ங்கறது ஒரு தகுதி இல்ல. அடுத்தவங்க ரகசியத்த உங்கிட்ட வந்து சொல்றவகிட்ட உன்னுதச் சொல்லாத, உன்னுதையும் எங்காச்சும் கொண்டு போவா. எதுக்கெடுத்தாலும் 'நானா இருந்தா'ன்னு ஆரம்பிக்கறவகிட்டயும் வேண்டாம்.

நான் சொன்னது எங்கூர் நர்சம்மாகிட்ட. துணை சுகாதார நிலையத்துல இருக்கறவங்க. நாள் தள்ளிப்போனப்ப அவங்ககிட்ட வாய் உட்டுருந்தேன், பேர் பதியணும், வந்து பாருன்னு சொல்லியிருந்தாங்க. நான் போகலன்னதும் தேடிட்டு வீட்டுக்கே வந்துட்டாங்க. மாமியா உள்ள இருக்காங்க. நர்சம்மா என்ற மூஞ்சியப் பாத்தாங்க, 'வா, பொடக்காளில செடி என்னமோ வச்சுருக்கேன்னியே, காட்டு'ன்னு என்னைய அக்கட்டால கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் எந்தச் செடியும் வைக்கல. முருங்கை மரத்துக்கு அடில நின்னு எல்லாம் சொன்னேன். அவங்க நல்லது பொல்லது ஒண்ணும் சொல்லல. கண் ரெப்பைய இழுத்துப் பாத்து ரத்தம் கம்மியா இருக்கு, இரும்பு மாத்திரை தரேன்னாங்க. அப்புறம், 'தூங்கறயா? பொண்ணுக்குச் சோறு ஊட்டறயா? நீ சாப்பிடறயா?'ன்னு மூணு கேள்வி. ஒவ்வொரு தடவை எங்கூருக்கு வர்றப்பவும் அதே மூணு கேள்வியக் கேட்டுட்டுப் போவாங்க. பெரிய ஆறுதல் வார்த்தை சொன்ன ஆளுங்க பேச்செல்லாம் மறந்து போச்சு, அந்த மூணு கேள்வி மறக்கல.

அந்த மாதிரி யாரும் இல்லைன்னா 104ல கேக்கலாம், மேல சொன்ன 14416 இருக்குது. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் பசியும் இல்லாம, எதுலயும் பிடிப்பில்லாம, பெத்த புள்ளையக் கூட தூக்கத் தோணாம இருந்தா, இல்ல முன்னாடியே மன அழுத்தத்துக்கு மருந்து சாப்புட்டவங்கன்னா, தள்ளிப் போடாம மனநல டாக்டரப் பாருங்க. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரில அதுக்குத் தனிப் பிரிவே இருக்குது, எல்லா மாவட்டத்துலயும் அரசு மனநலத் திட்டம் இருக்குது. அங்க போனா பைத்தியம்னு சொல்லுவாங்கன்னு நெனச்சா, சக்கரைக்குப் பாக்கப் போறவங்க பின்னாலயே போங்க, அதே கேட்டுதான்.

சென்னிமலை அக்கா | 4 ஆகஸ்ட் 2024, மதியம் 3.00

நேத்து ஆடிப் பதினெட்டு, கொடுமுடி போயிருந்தோம். ஆத்துல தண்ணி நெறைய, கரைல கால் வைக்க எடமில்ல. பொம்பளைங்க காதோலை கருகமணியெல்லாம் விட்டுட்டு இருந்தாங்க. நானும் விட்டேன், கூட ஒரு செவ்வரளிப் பூ தனியா விட்டேன். அந்த வருசத்துல இருந்து ஆடிக்கு ஆடி இதப் பண்றேன். யாரும் சொல்லிக் குடுக்கல. இதுக்கு நம்மள்ல ஒரு சடங்கும் இல்ல. தவறிப்போனவங்களுக்குக் காரியம் பண்றோம், கல்யாணமாகாமச் செத்த பொண்ணக் கன்னிமாரோட சேத்துக் கும்பிடறோம், இதுக்கு மட்டும் பேரும் இல்ல, நாளும் இல்ல. மனசு எதையாச்சும் பண்ணணும்னு கேக்குது, கை சும்மா இருக்குது. அதனாலதான் எனக்கு அந்தப் பூ.

பாவமான்னு கேட்டயே திருப்பூர்க்காரி, இத்தன நாளா அதுக்குப் பதில் சொல்லாமயே வச்சுருந்தேன். சாமி கணக்கு எனக்குத் தெரியாது. ஆனா எங்க குலதெய்வம் எனக்குத் தாயாட்டந்தான், கைக்கொழந்தையும் படுத்த மாமனும் கடனும் அவளுக்குத் தெரியாமயா இருக்கும்னு நெனச்சுத்தான் கோயிலுக்குள்ள போறேன். போறப்ப தலையக் குனிஞ்சுட்டுப் போறதில்ல.

இதப் படிச்சுட்டு 'கரு தோசம் இருக்குது, பரிகாரம் பண்ணோணும்'னு யாராச்சும் ரேட்டு சொன்னா ஒத்த ரூபா குடுக்காதீங்க. எனக்கே ஒருத்தர் கட்டம் பாத்து, அடுத்த கொழந்தை தங்காதுன்னு பயம் காட்டுனார், அவர் கேட்ட தொகைக்கு நான் ரெண்டு பவுன் அடகு வைக்கணும். டாக்டர்கிட்ட காட்டி ஒழுங்கா மாத்திரை போட்டு கலைச்சா அதனால பின்னால கொழந்தை பொறக்காமப் போகாது, இது வைத்தியம் சொல்றது. சொல்லப் போனா கருமுட்டை ரெண்டு வாரத்துக்குள்ளயே மறுபடி வந்துரும், மாதவிலக்கு வர்றதுக்கு முன்னாடியே உண்டாக வாய்ப்பிருக்கு. வேண்டாம்ங்கறவங்க அந்தப் பக்கம் கவனமா இருக்கோணும்.

திருப்பூர்க்காரி | 2 டிசம்பர் 2024, இரவு 9.20

அக்கா, நான்தான். நடுவுல நல்லா இருந்தேன். இப்ப என்ற நங்கையாளுக்கு, அண்ணன் பொண்டாட்டிக்கு, ஒம்பதாவது மாசம், அடுத்த வாரம் கட்டுச்சோத்து விருந்து. எனக்கும் இந்த மாசக் கடைசிதான் நாள் ஆகியிருக்கும். அவங்க வவுத்தப் பாத்தா மறுபடி பழையபடி ஆயிருது. போகலன்னா அண்ணன் மனசு நோகும், போனா நான் என்ன ஆவேன்னு தெரியல.

சென்னிமலை அக்கா | 2 டிசம்பர் 2024, இரவு 11.35

அந்த நாள் கணக்கு உடம்புக்கே தெரியுங் கண்ணு. எனக்கும் அந்த மாசம் வந்தப்ப மறுபடி எந்திரிச்சு நின்னுச்சு, இதென்னடா தேறிட்டம்னு நெனச்சமேன்னு பயந்தேன். அந்த மாசம் போனதும் அதுவும் எறங்கிருச்சு. அடுத்த வருசம் வந்தப்ப பாதி கூட இல்ல.

விருந்துக்கு முழு நாளும் இருக்கணும்னு யார் சொன்னா? பந்தி ஆரம்பிக்கறப்ப போ. வளையல் போடறதுக்கு உன்னைய முன்னால கூப்புடுவாங்க, கூடப்பொறந்தவன் வீட்டு விசேசம், தப்பிக்க முடியாது. போட முடிஞ்சா போடு. கை நடுங்கும்னா பையனத் தூக்கி இடுப்புல வச்சுக்கோ, அவனோட கையால போட வை, எல்லாரும் சிரிச்சு ரசிப்பாங்க, உன்ற மூஞ்சிய யாரும் பாக்க மாட்டாங்க. அவர்கிட்ட முன்னாடியே சொல்லி வை, நீ கண்ணக் காட்டுனா 'பையன் தூங்கோணும்'னு கெளப்பிட்டு வரணும். நங்கையா மேல பொறாமையா வந்தாலும் வரட்டும், அது அந்தக் கொழந்தைக்குச் சாபம் ஆயிராது. இத எதுக்குச் சொல்றேன்னா எனக்கு அந்தப் பயம் இருந்துச்சு.

போகவே முடியலன்னா மேலுக்கு முடியலன்னு சொல்லிரு, பொய்யே இல்ல அது.

திருப்பூர்க்காரி | 9 டிசம்பர் 2024, இரவு 8.50

போயிட்டு வந்தேங்க்கா. வளையல் பையன்தான் போட்டான், ஒண்ணு ஒடைச்சுட்டான். சாப்பாட்டுக்கு அப்புறம் கெளம்பிட்டோம். பஸ்ஸுல அவர் அவராவே 'இந்த மாசந்தான?'ன்னு கேட்டார். அவருக்கு ஞாபகம் இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல. இன்னொண்ணு கேக்கணும், கருத்தடைக்குக் காப்பர் டி போடலாம்னு இருக்கேன், அந்த டாக்டர்கிட்ட முன்னாடி கலைச்சதச் சொல்லணுமா?

சென்னிமலை அக்கா | 9 டிசம்பர் 2024, இரவு 9.15

சொல்லு. எப்ப, எத்தன வாரம், மாத்திரையா, அப்புறம் ரத்தப்போக்கு எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க, அத்தனையும் மறைக்காம சொல்லு. பின்னால அடுத்த பிரசவத்துக்குப் போனாலும் இது மொத்தக் கணக்குல வரும். மாமியாரோ அம்மாவோ கூட வந்தா, 'சித்த வெளிய இருங்க'ன்னு டாக்டரையே சொல்ல வை, ஒண்டியா உள்ள போய்ச் சொல்லு. மாதவிலக்கு ஆகற நாள்கள்ல போனா போடறதுக்கு சுலபம், அரசு ஆஸ்பத்திரில காசில்லாமயே போடுவாங்க. ரத்தம் கம்மியான்னும் ஒரு டெஸ்ட் எடுத்துரு, ஏன்னா காப்பர் டி போட்டா மொத சில மாசம் கொஞ்சம் அதிகமா போகும்.